ஃபைல் இருக்கிற காருக்குத்தான் விலை!
கம்பெனி சர்வீஸா, சொந்தக் கையா? விற்கும்போது எது காப்பாற்றும்?

"சர்வீஸ் எங்க சார் விட்டீங்க?"

பழைய கார் வாங்க வருகிறவர் வண்டியை ஒரு சுற்று வந்து, பானெட்டைத் திறந்து மூடி, ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்கிற கேள்வி இது. "கம்பெனியிலதான்" என்று சொன்னால் பேச்சு ஒழுங்காக நகர்கிறது. "வெளியில, தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட" என்றால் விலை இறங்கத் தொடங்குகிறது. "நானேதான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் வந்தவர் வண்டியை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வாரன்ட்டி முடிந்து பல வருடம் ஆன பிறகும் வெறும் ஆயில் மாற்றுவதற்கு கம்பெனி சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்காக ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய கார் வாங்குகிறவருக்கு வேண்டியது ஆதாரம். கம்பெனி ரெக்கார்டு சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் என்பதால் அதற்கு மதிப்பு. அதே அளவு உறுதியான ஆதாரத்தை நம் வீட்டு வாசலிலேயே உருவாக்க முடியும். உருவாக்காமல் விடுவதால்தான் சொந்தமாகப் பராமரித்த நல்ல வண்டிகள் அடிமாட்டு விலைக்குப் போகின்றன.

கிலோமீட்டருக்குச் சாட்சி

கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? வேலை நன்றாக நடந்தது என்பதற்கு அது உத்தரவாதம் தராது. ஒவ்வொரு முறை வண்டி உள்ளே போகும்போதும் ஜாப் கார்டில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் பதிவாகின்றன. 2019-ல் 31,000, 2020-ல் 38,000, 2021-ல் 47,000 என்று வரிசையாக ஏறிக்கொண்டு வரும் எண்களை யாராலும் பின்னால் போய்த் திருத்த முடியாது. பழைய கார் சந்தையில் நடக்கும் மோசடிகளில் மிகச் சாதாரணமானது மீட்டரைக் குறைத்து வைப்பது. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அது நின்றுவிடவில்லை, இன்னும் சுலபமாகிவிட்டது. ஆகவே வாங்குகிறவர் கம்பெனி ரெக்கார்டில் முதலில் தேடுவது கிலோமீட்டர் வரிசையைத்தான்.

அடுத்தது விபத்து. இன்ஷூரன்ஸில் பெரிய பாடி ஒர்க் நடந்திருந்தால் அதுவும் அந்த ரெக்கார்டில் தெரியும். தமிழ்நாட்டில் இதோடு வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் கொட்டிய மழையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. 'டோட்டல் லாஸ்' என்று இன்ஷூரன்ஸ் கணக்கு முடித்த வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, வேறு ஊரில் விற்பனைக்கு நிற்பது உண்டு. அந்த நாட்களுக்குப் பிறகு இந்த வண்டி எங்கே போனது, என்ன வேலை நடந்தது என்று கேட்க வாங்குகிறவருக்கு முழு உரிமை இருக்கிறது. பதில் காகிதத்தில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வாரன்ட்டி என்ற பூச்சாண்டி

"வெளியில கை வெச்சா வாரன்ட்டி போயிடும்." கவுன்ட்டரில் சொல்லப்படும் இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸையும், வண்டியைப் பரிசோதிக்கும் கருவிகளையும், பழுதுபார்க்கத் தேவையான தொழில்நுட்ப விவரங்களையும் கார் நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்குகளைக் கட்டிப்போடுகின்றன என்பது புகார். மூன்று நிறுவனங்களில் தொடங்கிய விசாரணை இந்தியாவின் முக்கியமான கார் நிறுவனங்களையெல்லாம் தொட்டது. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி ஆணையம் 14 நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதத்தைவிட முக்கியமானது கூடவே வந்த உத்தரவு. ஸ்பேர் பார்ட்ஸ் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அவர் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். டொயோட்டா, ஃபோர்டு, நிசான் நிறுவனங்களின் மேல்முறையீட்டில், 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டு அபராதத் தொகையைக் குறைத்தது. அமெரிக்காவில் இதற்கு நிகரான பாதுகாப்பு 1975-லிருந்தே மேக்னஸன்–மாஸ் வாரன்ட்டி சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நான் சொல்லும் யோசனை என்னவென்றால், வாரன்ட்டி காலத்தில் கம்பெனியிலேயே விடுங்கள். உரிமை நம் பக்கம் இருப்பது ஒன்று, என்ஜின் திறந்து கிடக்கும்போது அந்த உரிமைக்காகக் கடிதம் எழுதி, நுகர்வோர் ஆணையத்துக்கு அலைவது வேறொன்று. மாருதி உட்படப் பல நிறுவனங்கள் இப்போது 3 வருட வாரன்ட்டி தருகின்றன. ஆரம்பகால இலவச சர்வீஸ்களில் லேபர் சார்ஜும் கிடையாது. வருடத்துக்கு ஒரு வருகை என்றால் பெரிய செலவு இல்லை. விற்கும்போது வாரன்ட்டி மிச்சம் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்களில் அது புதிய உரிமையாளருக்கும் தொடரும். விலை பேசும்போது அது நேரடியான பலம்.

எஸ்டிமேட்டைப் படியுங்கள்

கம்பெனியில் விடுவது என்று முடிவு செய்துவிட்டாலும் சர்வீஸ் அட்வைசர் நீட்டும் எஸ்டிமேட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. என்ஜின் டீகார்பனைசிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங், இன்டீரியர் டிரீட்மென்ட் என்று ஒரு பட்டியல் வரும். வண்டியோடு வந்த கையேட்டை டேஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். புதுக் கார் விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. ஒர்க்‌ஷாப்தான் அவர்களைத் தாங்குகிறது. அதனால் அட்வைசருக்கும் இலக்கு இருக்கும். அவருடைய நெருக்கடி நமக்குப் புரியலாம், ஆனால் பில்லைக் கட்டுகிறவர் நாம். இந்தக் கூடுதல் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு விற்கும்போது ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்றால் கழற்றிய பேடைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வாசலில் நின்று செய்யக்கூடியவை

வாரன்ட்டி முடிந்ததா? இனி ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம். எல்லாவற்றையும் அல்ல.

ஏ.சி. கேபின் ஃபில்டரில் தொடங்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஒரு கருவிகூட வேண்டாம், பத்து நிமிட வேலை, பொருளின் விலை சில நூறு ரூபாய். என்ஜின் ஏர் ஃபில்டர் அதைவிடச் சுலபம். வைப்பர் பிளேடு, பல்புகள், பேட்டரி முனைகளில் படியும் வெள்ளைப் பொடி, கூலன்ட் அளவு, டயர் காற்று இவற்றுக்கெல்லாம் யாரிடமும் போக வேண்டியதில்லை. பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் கற்றுக்கொள்ளக்கூடியதே. என்ஜின் ஆறிய பிறகு கழற்ற வேண்டும். புதியதை முதலில் கையாலேயே திருகி மரை சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே ஸ்பேனர் போட வேண்டும்.

ஆயில் மாற்றுவதுதான் பலர் ஆசைப்படும் வேலை. சிறிய பெட்ரோல் கார்களில் சுமார் 3 முதல் 3.5 லிட்டர் பிடிக்கும். ஆயில், ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், டார்க் ரெஞ்ச் இருந்தால் போதும். போல்ட்டை ஆவேசமாக முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டால் ஆயில் சம்ப்பையே மாற்ற வேண்டிவரும், அதனால் டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் அல்ல. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. சமதளத் தரை, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை இல்லையென்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். வடித்த ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

எந்த ஆயில் என்பதில்தான் கம்பெனிக்கு வெளியே அதிகத் தவறு நடக்கிறது. இப்போதைய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்தான் கையேட்டில் இருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் நல்லது" என்று டிரம்மிலிருந்து 20டபிள்யூ-40 ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அவற்றுக்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் வேண்டும். வேறு எதையாவது ஊற்றினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்குப் பெருந்தொகை ஆகும். சொந்தமாகச் செய்கிறவர் கையேட்டைப் படித்துச் சரியான ஆயிலை வாங்குகிறார் என்றால், அந்த ஒரு விஷயத்தில் அவர் பல ஒர்க்‌ஷாப்களைவிட ஒரு படி மேலே.

ஏர்பேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏ.சி. கேஸ், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற ஒயர்கள் இவற்றில் வீட்டில் கை வைக்கக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் சுமார் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போகிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். ஆனால் குழாயில் காற்று தங்காமல் எடுக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். கம்பெனிக்குப் போகாதவர்கள் தவறவிடும் இன்னொன்று ரீகால். நிறுவனம் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்தால், வாரன்ட்டி முடிந்த வண்டிக்கும் அந்த வேலை இலவசம். வருடத்துக்கு ஒருமுறை சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

பாடியில் செய்த பிரேக்

'ஒரிஜினல் பார்ட்ஸ் கம்பெனியில்தான் கிடைக்கும்' என்பது தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் நம்பவே கூடாத வாசகம். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. பக்கத்திலேயே பிரேக்ஸ் இந்தியா. ரானே குழுமம் ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிறது. கார் நிறுவனங்களுக்குச் சப்ளை செய்யும் இவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு விற்கிறார்கள். இந்த வழியைக் கார் நிறுவனங்கள் எவ்வளவு தூரம் அடைத்து வைத்திருந்தன என்பதே 2014 உத்தரவின் மையம். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நாள் நடந்து பாருங்கள். மாருதியின் ஜெனுயின் பாகமும், அதைச் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பெட்டியும், எங்கோ அச்சடித்த போலிப் பெட்டியும் ஒரே தெருவில் கிடைக்கும். போலியிலிருந்து தப்பிக்க ஒரே வழி, ஜி.எஸ்.டி. பில் போட்டுத் தரும் கடையில் மட்டும் வாங்குவது. அந்த பில்தான் பின்னால் ஆதாரமாகவும் நிற்கப்போகிறது. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களைப் பற்றி ஒரே வரி: கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் சரி, பிரேக்குக்கு வேண்டாம்.

2025 செப்டம்பரில் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு, பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆசைக்கு இருந்த காரணமும் குறைந்திருக்கிறது.

எந்தக் காருக்கு எந்தக் கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரன்ட்டி முடிந்த ஒரு சின்ன பெட்ரோல் கார். கம்பெனியில் விடுவதற்கும் சொந்தமாகவோ வெளியிலோ பார்த்துக்கொள்வதற்கும் வருடத்துக்கு 5,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 6 வருடத்தில் 30,000 ரூபாய். விற்கும்போது கம்பெனி ரெக்கார்டு இருப்பதற்காக 15,000 ரூபாய் கூடக் கிடைத்தாலும் நமக்கு நஷ்டம்தான். ஆல்ட்டோ, வேகன்ஆர், ஐ10 மாதிரி எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் வண்டிகளில், வாங்குகிறவருக்கே பெரிய பயம் கிடையாது. மாடல், வருடம், எத்தனையாவது ஓனர், விபத்து உண்டா என்பதோடு விலை முடிவாகிவிடும்.

ஜெர்மன் காரோ, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோ, பெரிய டீசல் எஸ்.யூ.வி.யோ என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே வாங்குகிறவரின் மனதில் ஓடுவது ஒரே ஒரு கியர்பாக்ஸ் ரிப்பேர் பில். அந்தப் பயத்துக்காக அவர் கழிக்கும் தொகை, நாம் வருடாவருடம் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியைக் கடைசிவரை கம்பெனியிலோ, அந்த பிராண்டில் பெயர் பெற்ற ஒர்க்‌ஷாப்பிலோதான் விட வேண்டும்.

கம்பெனியே போய்விட்டால்? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்களின் வலிதான் பெரியது, அதில் சந்தேகம் இல்லை. கூடவே ஃபிகோ, எக்கோஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் திகைத்துப்போனார்கள். செவர்லே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை முடித்துக்கொண்டபோதும் இதுதான் நடந்தது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இன்று உயிர் கொடுத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு, அந்த பிராண்டை விட்டுவிடாத மெக்கானிக்குகளுடையது. எக்கோஸ்போர்ட் விற்கிறவர் "எந்த மெக்கானிக், பார்ட்ஸ் எங்கே வாங்குறேன்" என்று விவரமாகச் சொல்ல முடிந்தால், வாங்குகிறவருக்கு அது எந்த முத்திரையையும்விட உபயோகமான தகவல்.

வாங்குகிறவரின் கண்

விவரம் தெரிந்தவர் காகிதத்தோடு நிற்க மாட்டார். காலையில் வந்தவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆவதை நாம் மறைக்கிறோம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார். ஆயில் மூடியைத் திறந்து பால் நிறத்தில் ஏதாவது படிந்திருக்கிறதா, டீசலாக இருந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று பார்ப்பார். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துச் சேற்றுக் கறை தேடுவார். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில் துரு பிடித்திருக்கிறதா என்று கை விடுவார். டயரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிப்பார். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம். மீட்டர் 20,000 காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பேச்சே வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்.

இதனால்தான் விற்பதற்கு முன் பம்பருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும், என்ஜினை பாலிஷ் போட்டு மினுக்குவதும் வீண் செலவு என்கிறேன். புதுப் பெயின்ட் 'எங்கே அடிபட்டது' என்ற கேள்வியைக் கிளப்பும். கழுவிய என்ஜின் 'எங்கே ஆயில் கசிகிறது' என்று தேட வைக்கும். சின்னக் கீறல்களை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் தேய்ந்த டயரையோ சத்தம் போடும் சஸ்பென்ஷன் புஷ்ஷையோ மாற்றினால் டெஸ்ட் டிரைவில் பலன் தெரியும்.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்

வண்டி எண் எழுதிய ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஃபைல். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, என்ன பொருள், அதன் பார்ட் எண், கடை பில். வீட்டில் ஆயில் மாற்றினால் மீட்டரையும், ஆயில் டப்பாவையும், புது ஃபில்டரையும் ஒரே படத்தில் வருமாறு போனில் எடுத்து வையுங்கள். போன் படத்தில் தேதி பதிவாகிவிடும். வெளி மெக்கானிக்கிடம் போனால் துண்டுச் சீட்டு வேண்டாம், வண்டி எண்ணும் கிலோமீட்டரும் எழுதிய பில் கேளுங்கள். மைடிவிஎஸ், போஷ் கார் சர்வீஸ் போன்ற எல்லா பிராண்டும் பார்க்கும் இடங்களில் கம்ப்யூட்டர் பில்லே கிடைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது மூன்றாம் மனிதர் ஒருவரின் பதிவில் கிலோமீட்டர் ஏற வேண்டும். கம்பெனியில் வீல் அலைன்மென்ட் மட்டும் செய்தாலும் ஜாப் கார்டில் எண் ஏறிவிடும். டயர் கடை பில்லிலும், பேட்டரி வாரன்ட்டி கார்டிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லுங்கள். "நானே பார்த்துக்கிறேன்" என்ற பதிலை யாரும் சரிபார்க்க முடியாது என்பதுதான் அதன் பலவீனம். சின்னச் சின்ன பில்கள் வரிசையாக அதே கிலோமீட்டர் கதையைச் சொன்னால் அந்தப் பலவீனம் போய்விடும்.

விற்கும் நாளில்

நல்ல விலை கிடைத்த சந்தோஷத்தில் 29, 30 படிவங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறவர்கள் ஏராளம். மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் இருக்கும் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய கார் வியாபாரியிடம் கொடுத்தால், அவர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். பெற்றவர் என்றால் வண்டி அவர் கைக்கு மாறியதை ஆன்லைனில் பதிவு செய்யலாம், அதன் பிறகு பொறுப்பு அவருடையது. கடன் முடிந்த வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை விற்பனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் விலை குறைக்கச் சொல்வதற்கு அது போதும்.

இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உரிமையாளரோடுதான் இருக்கும். சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி தரும் சலுகை அது. விற்றதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தால், 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.